இடைச்செருகலின் அரசியல்: விஸ்வநாததாஸும் வள்ளி மேடையும்

சிவகாசியில் 1886 ஜூன் 16இல் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்த, தேசியப் பாட்டுகளை மேடையில் பாடிய நாடக நடிகர் எஸ். எஸ். விஸ்வநாததாஸ், 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடியபடியே உயிர்நீத்தார். அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்த மரணத்தையும் அவர் சென்ற சிறைகளையும் சொல்லி வியப்பதோடு நின்றுவிடுகின்றன. வியப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் ஒரு பாடகரைக் கண்டு அரசு ஏன் அஞ்ச வேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அந்த விடையை அவர் பாடிய மேடையின் வடிவத்தில்தான் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ ஸ்பெஷல் நாடகமாக ஆடப்பட்டபோது, வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே இரவுக்கு ஒன்றுகூடினர். கதை எல்லோரும் அறிந்தது. தர்க்கமும் பாட்டும் அன்றைய கூட்டத்தின் போக்குக்கேற்ப நீளும், குறையும். இந்த நெகிழ்வுதான் தேசியப் பாட்டுக்கு இடம் தந்தது. வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில், வெள்ளைக் கொக்கை வெள்ளை ஆட்சியாக்கும் ‘கொக்கு’ப் பாட்டு கதையைக் குலைக்காமலே நுழைந்தது. பஞ்சாப் படுகொலையும் இப்படியே புராண மேடைக்கு வந்தது. 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம், ஒரு நாடகம் எத்தகையது என்று முன்கூட்டியே விசாரித்துத் தடுக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருந்தது. முருகன் வள்ளியை மணக்கும் கதையில் தடுக்க என்ன இருக்கிறது? ஆட்சேபத்துக்குரியது பாடப்படும் கணத்தில்தான் பிறந்தது. ஆகவே பிரதியை விட்டுப் பாடகரையே பிடிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் நாட்டார் பாடகர் பீட் சீகரிடம் 1955இல் நாடாளுமன்றக் குழு விசாரித்ததை இங்கே நினைவுகூரலாம். எந்தக் கூட்டத்தில், யார் முன்னிலையில் பாடினார் என்பதையே குழு துருவியது. பாட்டு எங்கே, யாருக்காக ஒலிக்கிறது என்பதில்தான் அதன் அரசியல் இருக்கிறது என்று அங்கும் அதிகாரம் புரிந்துகொண்டிருந்தது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. கொக்குப் பாட்டு உட்படப் பல பாடல்கள் மதுரகவி பாஸ்கரதாஸுடையவை என்றே பரவலாகச் சொல்லப்படுகின்றன. அப்படியானால் பாடியவருக்கு ஏன் இத்தனை இடம் என்று கேட்கலாம். எழுதியவரின் பெருமையை இது குறைக்காது. ஆனால் எழுத்தறிவு அரிதாயிருந்த கூட்டத்துக்கு அப்பாட்டு காகிதத்தின் வழி போய்ச் சேரவில்லை. எந்தக் கட்டத்தில் நுழைப்பது, எங்கே நிறுத்துவது, கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் எப்படித் திருப்பிப் பாடுவது என்பதெல்லாம் பாடுபவரின் தீர்மானம், கைதானதும் அவரே. புராண வேடம் அரசியலை நீர்த்துப்போகச் செய்தது என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. கடவுளைக் கைதொழுதபடியே அரசை எதிர்க்கப் பழகிய கூட்டம், மேடைக்கு வெளியே சாதி ஒழுங்கைக் கேள்வி கேட்கவில்லை என்பது உண்மைதான். மருத்துவர் (நாவிதர்) சமூகத்தில் பிறந்த விஸ்வநாததாஸ் முருகனாக வணங்கப்பட்டார். அதே விஸ்வநாததாஸோடு ஜோடி சேர்ந்து நடிக்க மேல்சாதி நடிகைகள் தயங்கினர். தேசியம் அவர் குரலை ஏற்ற வேகத்தில் அவர் பிறப்பை ஏற்கவில்லை. இது அவருடைய கலையின் தோல்வி என்பதைவிட அவரைக் கொண்டாடிய இயக்கத்தின் எல்லை என்பதே பொருந்தும்.

இடைச்செருகல் என்ற உத்தி நாடக மேடையோடு நின்றுவிடவும் இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’, சமஸ்கிருதக் கவியின் கதைக்குச் சற்றும் தொடர்பில்லாமல் காந்தியின் ராட்டினத்தைப் பாடியது. அதை எழுதியவரும் பாஸ்கரதாஸே. அதைப் பிசகு என்று சிரிக்கும் திரை வரலாற்றாசிரியர்கள், வள்ளி மேடையில் பழகிய காதுகளுக்கு அது வழக்கமான ஒன்று என்பதை மறந்துவிடுகிறார்கள். கதையை நிறுத்திவைத்து ஊர் நிலவரத்தைப் பாடும் உரிமையை அந்த ரசிகர்கள் நடிகருக்கு ஏற்கெனவே தந்திருந்தனர்.