முள்வேலியும் அரிசியும்

1948 ஜூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அதன் காவல் ஏற்பாடுகள் பயன் தந்தனவா, வெறும் ஆரவாரமா என்னும் வினா இன்றும் எழுவதுண்டு. விமானங்கள் காட்டில் பொழிந்த குண்டுகள் பெரும்பாலும் ஆரவாரமே; மாண்டவற்றுள் மரங்களே மிகுதி.

அரசாங்கம் பயங்கரவாதிகள் என்றழைத்த கெரில்லாக்களை வாட்டியது பசியே. 1950இல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனக் குடியானவர்கள், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். நம் தோட்டத்து லயங்கள் பலவும் வேலிக்குள் வந்தன. அரிசி பங்கீட்டில் கிடைத்தது. சில இடங்களில் சோறாகவே ஆக்கி அளந்தனர். தகரத்தில் அடைத்த உணவைத் துளையிட்டே விற்றனர். துளையிட்டது காட்டுக்குள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? பால்வெட்டப் புறப்படுகிறவர் வாயிலில் சோதனைக்கு நின்றனர்.

இதே ஆயுதம் குடிமக்கள் மேலும் பாய்ந்தது. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே, குடிநீர்க் குழாயைச் செப்பனிடச் சென்ற குழுவினருள் பன்னிருவர் கொல்லப்பட்டனர். ஜெனரல் டெம்ப்ளர் அவ்வூருக்கு நாள்தோறும் 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கையும் குறைத்தார். ஏதுமறியாக் குழந்தையும் அரைவயிறு உண்டது. அதைத் திறமை எனப் புகழ்வாரோடு நான் உடன்படேன்.

1957இல் விடுதலை வந்தது. வெள்ளையராட்சியை எதிர்க்கிறோம் என்னும் காரணமும் காட்டிலிருந்தோருக்கு இல்லாமற் போயிற்று. மறு ஆண்டில் பலர் கூட்டங்கூட்டமாகச் சரணடைந்தனர்.