பத்து மணியோசை: மறைந்த மல்லர்களை நினைகூரும் வழக்கமும் ரோலான் பார்த்தின் வாசிப்பும்

தொழில்முறை மல்யுத்தம் பற்றி எழுதப் புகுவோர் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த்தைத் தொடாமல் போவதில்லை. 1952இல் பிரான்சின் 'எஸ்ப்ரி' இதழில் வந்து, 1957இல் 'மித்தாலஜீஸ்' நூலின் முதல் கட்டுரையாக அமைந்த அவருடைய மல்யுத்தக் கட்டுரைதான் இத்துறையில் இன்றும் முதல் மேற்கோள். தமிழ்த் திறனாய்வுலகம் 'ஆசிரியனின் மரணம்' எழுதிய பார்த்தையே அதிகம் பேசியிருக்கிறது. மல்யுத்தம் எழுதிய பார்த்தை அவ்வளவாகப் பேசவில்லை. அக்கட்டுரை காட்டும் பார்வையாளன், ஒரு மல்லர் இறந்த மறுநாள் அரங்கில் எழுந்து நிற்கும் பார்வையாளனோடு ஒத்துப்போகவில்லை என்பதே என் வாதம். இதை நிறுவ முதலில் பார்த் சொல்வதை முழுமையாகக் கேட்டாக வேண்டும்.

மல்யுத்தம் விளையாட்டு அன்று, காட்சி என்பது அவருடைய தொடக்கம். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதா இல்லையா என்பதைப் பார்வையாளன் பொருட்படுத்துவதில்லை. தான் காண்பதையே அவன் நம்புகிறான். காண்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவதில்லை. தோவேன் என்ற ஐம்பது வயதுப் பருத்த மல்லரை பார்த் எடுத்துக்காட்டுகிறார். அவர் கோதாவில் ஏறி நின்றதுமே, அந்தத் தொளதொளத்த உடலே அவர் கயவர் என்று அறிவித்துவிடுகிறது. அதற்குமேல் அவர் செய்வதெல்லாம் உடல் ஏற்கெனவே சொல்லிவிட்டதன் விரிவுரைதான். துன்பம், தோல்வி, நீதி ஆகிய மூன்றும் அப்பட்டமாக, ஐயத்திற்கிடமின்றி வெளிப்படுகின்றன.

அடுத்து வருவதுதான் நமக்கு முக்கியமான இடம். குத்துச்சண்டையையும் மல்யுத்தத்தையும் பார்த் காலத்தை வைத்துப் பிரிக்கிறார். குத்துச்சண்டை ஒரு கதை. சுற்றுக்குச் சுற்று வளர்கிறது. அடுத்து என்ன என்ற கணிப்பின்மேல் நிற்கிறது. மல்யுத்தத்தில் ஒவ்வொரு கணமும் தனித்து நின்று பொருள் தருகிறது. கணங்களைக் கோத்து ஒரு காலவோட்டமாக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. கட்டுரையின் இறுதியில் இதன் விளைவைச் சொல்கிறார். சற்றுமுன் அறச்சீற்றத்தின் உருவாக நின்ற மல்லர் அரங்கைவிட்டு வெளியேறுகிறார். கையில் ஒரு சிறு பெட்டி, பக்கத்தில் மனைவி. முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. தெருவில் அவரை யாருக்கும் தெரியாது. அவர் உடல் தாங்கியிருந்த பொருள், அதாவது குறி, அரங்கத்திலேயே தங்கிவிடுகிறது. ஆள் மட்டும் வீட்டுக்குப் போகிறார்.

இந்த வாசிப்பின் அழகை நான் மறுக்கவில்லை. ஒரு பிடியை, ஒரு வீழ்ச்சியை விளக்குவதற்கு இதைவிடக் கூர்மையான கருவி இன்னும் கிடைக்கவில்லை. அவர் எழுதியது பாரிஸின் இரண்டாந்தரக் கொட்டகைகளைப் பார்த்து. வாரந்தோறும் தொலைக்காட்சியில் நீளும் கதைகள் அவர் முன் இல்லை. எனவே தவறு அவரைவிட, அவர் சொன்னதை எல்லாக் காலத்துக்கும் எல்லா நாட்டுக்கும் நீட்டிய பின்வந்தோருடையது என்று சொல்லலாம். ஆனாலும் வீட்டுக்குப் போன அந்த ஆள் மறுவாரம் இறந்துபோனால் பார்வையாளன் யாருக்காக அழுவான் என்ற கேள்விக்கு அக்கட்டுரையில் இடமே இல்லை. அது தற்செயலான விடுபாடு அன்று. காலத்தைக் குத்துச்சண்டையின் பக்கம் ஒதுக்கிவிட்டவருக்கு அந்தக் கேள்வி எழ வழியில்லை.

இங்கேதான் மணியைக் கவனிக்க வேண்டும். ஒரு மல்லர் மறைந்தால் சக மல்லர்கள் மேடையில் அணிவகுத்து நிற்க, கோதா மணி பத்துமுறை இடைவெளிவிட்டு அடிக்கப்படுகிறது. அரங்கம் எழுந்து நிற்கிறது. இது குத்துச்சண்டையிலும் உள்ள வழக்கம். விழுந்தவர் எழுவதற்கு நடுவர் பத்துவரை எண்ணுவார். இறந்தவருக்கு அதே எண்ணிக்கை மணியாக ஒலிக்கிறது. மல்யுத்தத்தின் தலையாய எண்ணிக்கை மூன்றுதான்: தோள்கள் தரையில் பட, நடுவர் மூன்றுமுறை தட்டினால் ஆட்டம் முடிந்தது. இறந்தவருக்கு அந்த மூன்றை யாரும் தட்டுவதில்லை. கோதாவுக்கு வெளியே விழுந்தவரை எண்ணும்போது மல்யுத்தத்திலும் பத்து வரும் என்று மறுப்பார்கள். உண்மைதான், ஜப்பானின் சில நிறுவனங்களில் அதுவே இருபது. அப்படியிருந்தும் ஜப்பானில் இறந்தவருக்கு ஒலிப்பது பத்துதான். ஆகவே இந்த எண் குத்துச்சண்டையிடமிருந்து வாங்கியது என்றே கொள்கிறேன். இந்த வழக்கம் எந்த ஆண்டில் எல்லை தாண்டியது என்று அறுதியிட இயலவில்லை. என் வாதத்திற்கு ஆண்டைவிடத் திசையே முக்கியம். காலமற்றது என்று பார்த் சொன்ன அரங்கம், மரணம் நேரும்போது காலத்தை எண்ணும் அரங்கத்திடம் கடன் வாங்குகிறது.

மல்லரின் வேடம் அரங்கோடு நின்றுவிடவில்லை என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. ஜப்பானிய மல்யுத்தத்தின் தந்தை எனப்படும் ரிக்கிதோசான் 1963 டிசம்பர் 8 அன்று தோக்கியோவின் இரவுவிடுதி ஒன்றில் கத்தியால் குத்தப்பட்டு, 15ஆம் தேதி இறந்தார். இக்கேகாமி ஹொன்மொன்ஜி கோயிலில் உள்ள அவருடைய கல்லறையில், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் மார்பளவுச் சிலையொன்று இருக்கிறது. கொரியாவில் பிறந்து கிம் என்ற குடும்பப் பெயர் தாங்கிய மனிதரைவிட, கோதாவில் நின்ற மல்லரையே அது காட்டுகிறது. மெக்சிகோவின் எல் சாண்டோ, 1984 பிப்ரவரி 5இல் மறைந்தபோது, வாழ்நாளெல்லாம் அணிந்த வெள்ளி முகமூடியோடே அடக்கம் செய்யப்பட்டார். ஐந்து நாள் கழித்து அமெரிக்க மல்லர் டேவிட் வான் எரிக் தோக்கியோவில் இறந்தார். மே 6 அன்று டெக்சாஸ் விளையாட்டரங்கில் நடந்த நினைவுக் காட்சியில் தம்பி கெர்ரி, ரிக் ஃபிளேரை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். கூட்டம் அந்த வெற்றியை அண்ணனுக்கான காணிக்கையாக ஏற்றுக்கொண்டது. 18 நாளில், மே 24 அன்று, ஜப்பானின் யொகொசுகாவில் பட்டம் ஃபிளேரிடமே திரும்பியது.

இவை அனைத்தையும் பார்த் பக்கமே சாய்த்துவிட முடியும்: குறி அவ்வளவு வலிமையானது, ஆளையே விழுங்கிவிட்டது என்று. அப்படிச் சாய்க்க முடியாத ஒரு நிகழ்ச்சி உண்டு. இக்கட்டுரையின் நடுக்கல் அதுவே.

1999 மே 2, தோக்கியோ டோம். ரிக்கிதோசானின் மாணவரும் அனைத்து ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தை உருவாக்கியவருமான ஜயண்ட் பாபாவின் ஓய்வு விழா. பாபா அவ்வாண்டு ஜனவரி 31 அன்றே இறந்துவிட்டார். 1998 டிசம்பர் தொடக்கம் வரை கோதாவில் ஏறிக்கொண்டிருந்தவர். ஓய்வை அறிவிக்காமலே 61 வயதில் போய்விட்டார். இறந்தவருக்கு மூன்று மாதம் கழித்து ஓய்வு விழா எடுத்தார்கள். நினைவேந்தல் என்ற பெயர் போதுமென்று அவர்கள் கருதவில்லை. நிகழ்ச்சியில் ஓர் ஆட்டமே ஒதுக்கப்பட்டது: பாபாவும் டெஸ்ட்ராயரும் ஓரணி, புரூனோ சம்மார்ட்டினோவும் ஜீன் கினிஸ்கியும் எதிரணி. உயிரோடிருந்த மூவரும் முதியவர்கள். பாபாவோடு பல்லாண்டு மோதியவர்கள். பாபாவின் இடத்தில் அவருடைய ராட்சச பூட்ஸ் கோதாவில் வைக்கப்பட்டது. உயர்த்திய காலால் எதிராளியின் மார்பில் உதைப்பது அவருடைய அடையாளம். அந்த உதைக்குக் காலணி அளவைக் கொண்டே பெயரிட்டிருந்தார்கள்.

பார்த் அந்த அரங்கில் இருந்திருந்தால் எதைக் குறி என்பார்? காலணியைத்தான். ஆனால் அந்தக் காலணி எந்தக் கணத்தையும் காட்டவில்லை. அடியில்லை, வீழ்ச்சியில்லை, நீதியில்லை. 1960 முதல் முப்பத்தெட்டு ஆண்டுகள் யார் யாரோடு, எந்த ஊரில், எப்படி மோதினார்கள் என்பதைத் தொடர்ந்து பார்த்தவனுக்கே அது பேசும். புதிதாக வந்து உட்கார்ந்தவனுக்கு அது ஒரு பெரிய செருப்பு, அவ்வளவே. முதன்முறை வருபவனுக்கும் உடனே புரிவதுதான் மல்யுத்தத்தின் இயல்பு என்பது பார்த்தின் அடித்தளம். அந்த அடித்தளம் இங்கே உடைகிறது. முடிக்காமல் விட்ட தொழிலை முடித்துவைப்பதற்காக எடுத்த விழா, தொடக்கமும் இடையும் இறுதியும் உள்ள ஒரு வாழ்க்கையைப் பார்வையாளன் மனத்தில் வைத்திருந்தான் என்பதற்குச் சான்று. ஜப்பானில் அந்தப் பத்து மணி ஓய்வு பெறுபவருக்கும் ஒலிக்கும், இறந்தவருக்கும் ஒலிக்கும். இந்தப் பொதுமை இல்லாமல் மே 2 நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது.

மூன்று வாரம் கழித்து, மே 23 அன்று, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் மல்லர் ஓவன் ஹார்ட் இறந்தார். புளூ பிளேசர் என்ற முகமூடிப் பாத்திரத்தில் கெம்பர் அரங்கின் கூரையிலிருந்து கம்பியில் இறங்கி வரவேண்டியவர், பிடிப்பு விட்டு கோதாவில் விழுந்தார். இது கதையின் பகுதி அன்று என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். இறந்த செய்தியையும் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவரே அறிவித்தார். அரங்கில் இருந்தவர்களுக்கு அறிவிக்கவில்லை, ஆட்டங்கள் தொடர்ந்தன. அண்டர்டேக்கர் என்ற மல்லர் சவப்பெட்டிக்குள் அடைக்கப்பட்டு 'இறந்ததையும்' மீண்டு வந்ததையும் பார்த்துப் பழகிய கூட்டம் அது. தொண்ணூறுகளில் அவருக்கு ஏழு உயிர் என்று தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் சீட்டு விளையாட்டுக்கு நடுவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் அந்தக் கதைகளால்தான். காண்பதை மட்டும் நம்பு என்ற விதி, உண்மையான மரணத்தின் முன் எவ்வளவு கொடியதாகிறது என்பதற்கு அந்த இரவைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மறுநாள் செயின்ட் லூயிஸில் நடந்த நிகழ்ச்சியில் பகைவர்களாக நடித்தவர்கள் ஒன்றாக நின்றார்கள். பத்து மணி ஒலித்தது. வேடத்தைக் களைந்துவிட்டுத் தங்கள் நண்பனைப் பற்றிப் பேசினார்கள். அமெரிக்க நினைவேந்தல் நிகழ்ச்சிகளின் அமைப்பு இதற்குப் பிறகே நிலைபெற்றது என்று கருதுகிறேன்.

2005இல், ஓவன் ஆடிய அதே நிறுவனத்தின் மல்லர் எடி குரேரோ இறந்தபோதும் இதே முறை பின்பற்றப்பட்டது. பின்னர் நிறுவனம் அவருடைய மரணத்தையே எதிர்வரும் சண்டைக்குக் கதைப்பொருளாக்கி, எடி நரகத்தில் இருப்பதாக ராண்டி ஆர்ட்டனைப் பேசவைத்தபோது ரசிகர் பலர் அருவருத்தார்கள். எல்லாம் குறியே என்றால் அருவருக்க என்ன இருக்கிறது?

இரண்டாண்டுக்குப் பின் வந்தது இன்னும் கடினமான சான்று. 2007 ஜூன் 25 அன்று அந்நிறுவனத்தின் மல்லர் கிறிஸ் பெனுவா தம் வீட்டில் இறந்து கிடந்த செய்தி வந்ததும், ஆளில்லாத அரங்கிலிருந்து மூன்று மணிநேர அஞ்சலி ஒளிபரப்பானது. மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார் என்பது தெளிவானதும், மறுநாளே நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மான் தோன்றி, தம் பேச்சைத் தவிர அன்றிரவு அவர் பெயர் சொல்லப்படாது என்றார். பெனுவாவின் பிடிகள் ஒன்றும் மாறவில்லை. அவை பார்த் சொன்ன அதே தெளிவோடு நாடாக்களில் இருக்கின்றன. அவற்றைப் பழையபடி பார்க்க முடியாமல் போனவர்கள் ஏராளம். அமெரிக்காவில் அவர் சொந்தப் பெயரிலேயே ஆடியவர், அங்கே ஒதுங்கி நிற்க முகமூடி இல்லை, ஆகவே இச்சான்று ஒருதலையானது என்று ஒருவர் சொல்லலாம். பெயர் வேறாக இருந்திருந்தாலும் அதே கைகள்தாம் அல்லவா? பார்வையாளன் அன்று கண்டது கைகளை.

எதிர்ச்சான்றையும் மறைப்பதற்கில்லை. 2023 ஆகஸ்ட் 24 அன்று மல்லர் பிரே வயட் 36 வயதில் மாரடைப்பால் மறைந்தார். முந்தைய நாள்தான் மூத்த மல்லர் டெர்ரி ஃபங்க் போயிருந்தார். இருளில் விளக்கேந்தி வரும் வயட்டுக்காக ரசிகர்கள் கைப்பேசி வெளிச்சத்தை உயர்த்துவார்கள். அவற்றுக்கு மின்மினிகள் என்றே பெயர். மறைவுக்குப் பின்னும் அதே வெளிச்சங்கள் உயர்ந்தன. 2024 ஜூனில் அவருடைய தம்பி, அண்ணன் உருவாக்கிய உலகத்திலிருந்தே ஒரு பாத்திரமாகத் திரும்பி வந்தார். குறி ஆளைக் கடந்து வாழ்கிறது என்பதற்கு இது பார்த்துக்குச் சாதகம். ஆனால் வேறு எவரோ அந்த வேடத்தை ஏற்றிருந்தால் ரசிகர் ஏற்றிருப்பார்களா என்பது ஐயமே. அங்கே வேலை செய்வது இரத்த உறவு. டெக்சாஸில் கெர்ரிக்கு வேலை செய்ததும் அதுவே.

விந்தை என்னவென்றால், மல்யுத்தத் துக்கத்தை விளக்கப் பொருத்தமான நூலும் பார்த்துடையதே. தாயை இழந்த பின் எழுதி, அவர் இறந்த 1980ஆம் ஆண்டிலேயே வெளிவந்த ஒளிப்படம் பற்றிய நூலில், படத்தில் உள்ளவர் ஒருகாலத்தில் அங்கே உண்மையாகவே இருந்தார் என்ற உறுதிதான் நம்மைத் தைக்கிறது என்கிறார். அஞ்சலிக் காணொளிகள் இயங்குவது இந்த விதிப்படிதான். கோதாவில் ஆடிய வீழ்ச்சி நடிப்பாக இருக்கலாம். விழுந்த உடல் அங்கே இருந்தது. 1952இன் பார்த்தை விடுத்து 1980இன் பார்த்தைக் கொண்டு மல்யுத்தத்தைப் படிக்க வேண்டும்.

ஹல்க் ஹோகன் மறைவு இந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. இனவெறிப் பேச்சு வெளியாகி நிறுவனம் அவரை நீக்கியது 2015 ஜூலை 24. அவர் இறந்தது 2025 ஜூலை 24. அவ்வாண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கூட்டம் அவர் முகத்துக்கு நேரே ஊளையிட்டது. இறந்த மறுநாள் கிளீவ்லாந்தில் பத்து மணி ஒலித்தபோது கூட்டம் அவர் பெயரைக் கூவியது. மன்னித்தவர்களும் மன்னிக்காதவர்களும் ஒரே மணிக்கு எழுந்து நின்றார்கள். அவர்கள் ஒரே ஆளைத்தான் நினைத்தார்களா என்று என்னால் முடிவு சொல்ல இயலவில்லை.

நம் பக்கம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆசிய மல்யுத்தத்தின் மாபெரும் முரடராக விளங்கிய கிங் காங் என்ற எமில் சாயா, 1955இல் ஆசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் ரிக்கிதோசானிடம் தோற்றவர், தாரா சிங்கோடு பலமுறை மோதியவர். ஒரு கார் விபத்தையடுத்து, 1970 மே மாதம் சிங்கப்பூரில் இறந்தார். அவரைக் கோதாவில் கண்ட தமிழர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்னும் இருக்கிறார்கள். அம்மாதத் தமிழ் நாளிதழ்கள் அவர் மறைவை எந்தப் பெயரில், எந்தத் தொனியில் வெளியிட்டன என்பதை நூலகங்களில் தேடுவோர் தேட வேண்டும். வீட்டில் பழைய துண்டறிக்கைகளும் நுழைவுச்சீட்டுகளும் வைத்திருப்போர் அவற்றைப் படியெடுத்து ஆய்வாளர்களுக்குத் தந்து உதவ வேண்டும்.