மிளகாய் ஓராண்டுச் செடியா? ஒரு பெயருக்குள் உறைந்த குளிர்காலம்

கொல்கத்தாவை அடுத்த ஹவுராவிலுள்ள சாந்த்ராகாச்சி, சேனைக்கிழங்கிற்குப் பெயர்பெற்ற ஊர். இந்திய வேளாண் கையேடுகளில் ஒரு சேனை வகையே இவ்வூரின் பெயரால் குறிக்கப்படுகிறது. குளிர்காலம் நெருங்கும்போது சேனையின் தண்டு பழுத்துச் சாய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, வெயில் ஏறியதும் மீண்டும் முளைக்கும். அதே மண்ணில் வளரும் மிளகாய்ச் செடிக்கு இத்தகைய உறக்கம் இயல்பில் இல்லை. இங்கு அதற்குத் தேவையும் இல்லை. சனவரியில் இரவு வெப்பநிலை சராசரியாக ஏறத்தாழ 14 டிகிரி செல்சியசுக்கு இறங்குகிறது, உறைபனி இல்லை. வளர்ச்சி சற்று மந்தப்பட்டாலும் வீட்டுக் கொல்லையில் பேணப்படும் செடி பிழைத்து, மறு ஆண்டும் காய்க்கக்கூடியது. ஆயினும் அதன் அறிவியற்பெயர் 'கேப்சிகம் ஆனுவம்'. 'ஆனுவம்' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'ஓராண்டுக்குரியது' என்பது பொருள். பல்லாண்டு வாழும் செடிக்கு இப்பெயர் எவ்வாறு வாய்த்தது என்ற வினாவுக்கு விடை, செடியைவிடப் பெயரிட்டவரின் ஊரில்தான் கிடைக்கிறது.

கார்ல் லின்னேயஸ் 1730களில் நெதர்லாந்தின் ஹார்டேகாம்ப் தோட்டத்தில், ஜார்ஜ் கிளிஃபோர்ட் என்ற செல்வரிடம் பணியாற்றினார். சூடேற்றப்பட்ட கூடங்களில் வெப்பமண்டலச் செடிகள் அங்கே வளர்க்கப்பட்டன. 1736இல் வாழை பூத்தது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. 1738இல் வெளிவந்த அத்தோட்டத்தின் விவர நூலில் மிளகாயும் இடம்பெற்றது. பின்னர் 1753இல் வெளியான 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' நூலில் அவர் மிளகாயை இரு சிற்றினங்களாகப் பகுத்தார். தண்டு பசுமையாகவும் மென்மையாகவும் இருப்பது ஆனுவம். புதராகக் கட்டைத்தன்மை பெறுவது ஃப்ருடெசென்ஸ். அதாவது, தண்டின் தன்மையே பகுப்பின் அடிப்படை. ஆனால் தண்டு முற்றிக் கட்டையாவதற்குச் செடி வாழ வேண்டும். வட ஐரோப்பியத் திறந்தவெளியில் முதல் உறைபனியோடு மிளகாயின் வாழ்வு முடிந்துவிடும். முற்றுவதற்கு வாய்ப்பே பெறாத ஒரு தண்டின் மென்மை, செடியின் இயல்பாகப் பதிவாயிற்று.

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் இன்று கையாளும் ஒரு முறை இப்பெயருக்கு மறுப்பாக அமைகிறது. உறைபனிக்கு முன்பே செடியைத் தோண்டியெடுத்து, கிளைகளைக் குட்டையாகக் கழித்து, வேர்களைச் சீர்செய்து, சிறு தொட்டியில் நட்டு வீட்டுக்குள் கொண்டுவருகின்றனர். அசுவினி போன்ற பூச்சிகள் உடன் வராதபடி செடியையும் மண்ணையும் சோதிப்பது இன்றியமையாதது. 10 முதல் 15 டிகிரி வரையிலான குளிர்ந்த அறையில், மண் முற்றிலும் காய்ந்துவிடாத அளவுக்கு மட்டும் நீர் வார்க்கப்படுகிறது. இலைகள் உதிரலாம், தண்டு பச்சையாக இருக்கும்வரை செடிக்கு உயிருண்டு. சேனை தானாக மேற்கொள்ளும் உறக்கத்தை இங்கே மனிதக் கை மிளகாய்க்கு ஏற்படுத்தித் தருகிறது. வசந்தத்தில் அச்செடி துளிர்க்கிறது. வேர் ஏற்கெனவே ஊன்றியிருப்பதால் விதையிலிருந்து எழுந்த செடிகளுக்கு முன்பாகவே காய்க்கிறது. அப்போது அதன் அடித்தண்டு கட்டையாகியிருக்கும்.

குளிர் என்பதும் இடத்தைச் சார்ந்ததே. சாந்த்ராகாச்சிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், ஹூக்ளிக் கரையிலுள்ள சிப்பூரில் ராபர்ட் கிட் 1787இல் தாவரவியல் தோட்டத்தை நிறுவினார். சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களை வங்கத்தில் வளர்க்கும் நோக்கம் அவருக்கு இருந்தது. தட்பவெப்பம் இடங்கொடுக்காமையால் அம்முயற்சி தோற்றது. மிளகாய்க்கு இதமான வங்கத்தின் தட்பவெப்பம் சாதிக்காய்க்குப் பொருந்தவில்லை. 1793 முதல் 1813 வரை அத்தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்பரோ, இந்திய மிளகாய் வகைகளையும் தம் 'ஃபுளோரா இண்டிகா'வில் விவரித்தார். சிறுமிளகாய்க்கு அவர் வழங்கிய 'கேப்சிகம் மினிமம்' என்ற பெயர் பின்னாளில் பிரிட்டிஷ் மருந்தியல் நூலிலும் இடம்பெற்றது. அங்கே பெயருக்கு அடிப்படை காயின் சிறுமை, ஆயுள் அன்று.

இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டவர் அமெரிக்கத் தாவரவியலாளர் எல். எச். பெய்லி. வெப்பமண்டலத்தில் இவை கட்டைத்தன்மையுள்ள பல்லாண்டுச் செடிகளே என்று கருதி, 1923இல் பயிரிடப்படும் மிளகாய் அனைத்தையும் ஃப்ருடெசென்ஸ் என்ற ஒரே சிற்றினத்துள் அடக்கினார். பூவின் அமைப்பையும் கலப்பினச் சேர்க்கையையும் ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள் சிற்றினங்களை மீண்டும் பிரித்தனர். பகுப்பின் அடிப்படை மாறியது. 'ஆனுவம்' என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

மிளகாயின் பெயர்கள் பலவும் இவ்வாறே பெயரிட்டவர் நின்ற இடத்தைக் காட்டுகின்றன. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய இச்செடியை 1542இல் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் கள்ளிக்கோட்டை மிளகு என்றார். சீனத்திலிருந்து வந்ததாகக் கருதி ஜாக்கின் 1776இல் 'சைனென்ஸ்' என்று ஒரு சிற்றினத்திற்குப் பெயர் சூட்டினார். சாந்த்ராகாச்சியின் வங்காளிகளுக்கு மிளகாய் 'லங்கா'. தமிழர், தாம் முன்பே அறிந்த மிளகின் காரத்தைக் கொண்டு 'மிளகாய்' என்றனர். பிற பெயர்களில் பதிந்தவை ஓர் ஊரோ ஒரு சுவையோ. 'ஆனுவம்' என்பதில் பதிந்தது ஒரு பருவம்.

இந்திய வயல்களிலும் மிளகாய் ஒரு பருவப் பயிராகவே நடப்படுகிறது என்ற மறுப்பு எழலாம். அது உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் விளைச்சல் குறைவதும், இலைச்சுருட்டை போன்ற நோய்கள் பெருகுவதும், அடுத்த பயிருக்கு நிலம் வேண்டியிருப்பதும் ஆகும். வயலில் மிளகாயின் ஆயுளை முடிப்பது உழவரின் கணக்கு. ஐரோப்பாவில் முடித்தது உறைபனி. இவ்விரண்டும் செடியின் இயல்பாகா. ஒரு தாவர விவரத்தில் 'ஓராண்டுச் செடி' என்ற சொல்லைக் காணும் மாணவர், அது எந்த ஊரில், எந்த மாதத்தில், யாருடைய பராமரிப்பில் நின்ற செடியைக் கண்டு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்பது தகும்.