நாலு கதவு

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தான். குசல விசாரணை இரண்டே வரி. பாக்கி முழுவதும் மோட்டார் காரைப் பற்றி. பழைய கார் ஒன்றை வாங்கி 'ஹாட் ராட்' செய்யப் போகிறானாம். அதாவது, தாத்தா காலத்து உடம்புக்குள் வாலிப இருதயத்தை வைத்து ஓட்டுவது. 1936-ஆம் வருஷத்து ஃபோர்டு கார்கள் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று இரண்டு கதவுள்ள கூபே. மற்றது நாலு கதவுள்ள ஸெடான். விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

"ஸெடான்தான் கைக்கு எட்டும், மாமா. ஆனால், 'நாலு கதவா? அது ஹாட் ராடே இல்லை' என்று சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் பழைய சங்கதிகளைக் கிளறுகிறவர் ஆயிற்றே, ஒரு வழி சொல்லுங்கள்" என்று முடித்திருந்தான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு பொருளைப் பார்த்து நாலு பேர் சிரித்தால், அந்தச் சிரிப்பு எங்கே, எப்போது, யாரிடம் பிறந்தது என்று தேடிப் பார்ப்பது என் சுபாவம். தேடினேன்.

1932-ஆம் வருஷம் அமெரிக்காவுக்குப் பொல்லாத வருஷம். ஆலைகள் மூடிக் கிடந்தன. வேலையில்லாத ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். அந்த வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் ஹென்றி ஃபோர்டு ஒரு புதிய காரை வெளியிட்டார். அதன் எட்டு ஸிலிண்டர்களும் 'வி' என்ற ஆங்கில எழுத்தைப் போல இரு வரிசையாய்ச் சாய்ந்து நின்றன. 65 குதிரைச் சக்தி. வி-8 எஞ்சின் என்பது அதுவரை பெரும்பாலும் காடிலாக் போன்ற சீமான் வீட்டுக் கார்களின் சொத்து. ஃபோர்டு அதை ஒரே வார்ப்பில் வார்த்துச் சாமானியனின் விலைக்குக் கொண்டு வந்தார். கூரைக்குப் பதில் மடக்குத் துணி போட்ட 'ரோட்ஸ்டர்' 460 டாலர்தான்.

ஒரே எஞ்சினுக்கு உடல்கள் பல தினுசு. இரண்டு கதவுள்ள ஸெடானுக்கு 'டூடர்' என்றும், நாலு கதவுள்ளதற்கு 'ஃபோர்டர்' என்றும் பெயர் வைத்தார்கள். கதவின் எண்ணிக்கையோடு கம்பெனியின் பெயரும் கலந்து ஒலிக்கும்படி யாரோ ஒரு குறும்புக்காரர் யோசித்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. அன்று ரோட்ஸ்டரைவிட ஃபோர்டர் நூறு டாலருக்கு மேல் விலை அதிகம். கௌரவமான குடும்பஸ்தன் வாங்கும் வண்டி அது. காசில்லாத வாலிபனுக்கு வாய்த்ததுதான் ரோட்ஸ்டர்.

அந்த வாலிபர்கள் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே, மோஹாவே பாலைவனத்தில் முரோக் என்னும் வறண்ட ஏரியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கோடையில் நம் ஊர் ஏரிகள் வெடித்துக் கிடக்குமே, அப்படியல்ல. பலகையாய் இறுகிய தரை, மைல் கணக்கில். எட்டணா பெறாத பழைய ரோட்ஸ்டரை அங்கே ஓட்டிப் போவார்கள். மட்கார்டைக் கழற்றுவார்கள், முன் கண்ணாடியைக் கழற்றுவார்கள், வேகத்துக்கு இடைஞ்சலான எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பறப்பார்கள். 1937-ல் இவர்களுடைய சங்கங்கள் கூடித் 'தென் கலிபோர்னியா டைமிங் அஸோஸியேஷன்' என்று ஒரு தலைமைச் சங்கம் அமைத்தன. அங்கே ரோட்ஸ்டருக்குத்தான் ராஜமரியாதை. கூரை மூடிய காருக்கு இடமில்லை. அவற்றையும் சேர்த்துக்கொண்ட ருஸெட்டா சங்கம் 1940-களின் பிற்பகுதியில்தான் வந்தது.

சிரிப்பு பிறந்த இடம் இதுதான். ஃபோர்டர் சில நூறு ராத்தல் கனம் அதிகம். இருபது வயதுப் பிரம்மசாரிக்குப் பின் ஸீட்டில் உட்கார வைக்க யாரும் இல்லை. அவன் நாலு கதவைக் கண்டு சிரித்தது நியாயமே.

யுத்தம் முடிந்தது. ராணுவத்தில் எஞ்சின் வேலை கற்ற பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்ஸன் 'ஹாட் ராட்' பத்திரிகையைத் தொடங்கினார். 1949-ல் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புப் பரப்பில் வேகவாரம் ஆரம்பமாயிற்று. 1973-ல் வந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' திரைப்படத்தில் 1932-ஆம் வருஷத்து மஞ்சள் கூபே ஒன்று கதாநாயகனுக்குச் சமமாக நடித்தது. பத்திரிகையும் சினிமாவும் சேர்ந்து இரண்டு கதவை லட்சியமாக்கிவிட்டன.

நாலு கதவு என்ன ஆயிற்று? அதன் அடிச்சட்டமும் மட்கார்டும் முன் கிரில்லும் ரோட்ஸ்டருக்கும் பொருந்தும். ஆகவே ஸெடானை வாங்கி, வேண்டியதைக் கழற்றிக்கொண்டு, உடலைக் குப்பைக்கு அனுப்பினார்கள். இளைய பிள்ளையின் கல்யாணத்துக்கு மூத்தவளின் நகையைக் கழற்றுகிற வீடுகளை நாம் பார்த்ததில்லையா?

நாலு கதவு ஓடாது என்று யாரும் சொல்ல முடியாது. 1934 மே 23-ல் லூயிஸியானாவில் போலீஸார் சுட்டுக் கொன்ற பானி பார்க்கரும் கிளைட் பாரோவும் வந்தது திருடிய ஃபோர்டு வி-8 நாலு கதவு ஸெடானில். உயிருக்குப் பயந்து ஓடுகிறவனைவிட வேகத்தின் அருமை தெரிந்தவன் உண்டா? கதவின் எண்ணிக்கைதான் குற்றம் என்றும் சொல்ல முடியாது. அதே காலத்து 'ஃபேடன்' காருக்கும் கதவு நாலுதான். கூரை மட்டும் துணி. அதை யாரும் பரிகசிப்பதில்லை. அருமையான பொருளாகப் போற்றுகிறார்கள். ஆகக் குற்றம் கதவில் இல்லை. குடும்பக் கார் என்ற பெயரில் இருக்கிறது.

ஆனால் வாலிபர்களுக்கும் வயதாகும் அல்லவா? 1970-ல் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் பழைய கார்க்காரர்களின் தேசிய மகாநாடு முதல் தடவையாகக் கூடியது. அங்கே வந்தவர்கள் பந்தயத்துக்கு வரவில்லை. வீதியில் ஓட்டி மகிழ வந்தார்கள். பின்னால் பல வருஷங்கள் மனைவி மக்களோடு வந்தார்கள். பின் ஸீட்டுக்கு அப்போதுதான் மதிப்புத் தெரிந்தது.

இவ்வளவும் படித்த பிறகு மருமகனுக்குப் பதில் எழுதினேன்:

"ஹாட் ராட் பிறந்தது அழகான காரிலிருந்து அல்ல, யாருக்கும் வேண்டாத மலிவான காரிலிருந்து. இன்று வேண்டாதது எது? உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, அதுதான். முரோக் பையன்களின் உண்மையான வாரிசாக இருக்க விரும்பினால் ஸெடானை வாங்கு.

"ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே. நாலு கதவையும் சாத்தி, இடுக்கு மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார். கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பார். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. கதவின் அடியிலும் தரையிலும் துரு எவ்வளவு என்று குனிந்து பார். 1930-களின் முற்பகுதிச் செவர்லே கார்களில் தகட்டுக்குள் மரச் சட்டம். அது உளுத்தால் கதவுகள் தொங்கிவிடும். உன் ஃபோர்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கூரையின் நடுப்பாகம் இரும்பல்ல, துணி. மழை நீர் அங்கே புகுந்திருக்கலாம். இரண்டு கதவுக்குப் புதிதாகச் செய்யும் உறுப்புகள் ஏராளம். பின் கதவுக்கு அப்படியில்லை. ஒரு கைப்பிடிகூடக் குறையாத வண்டியாக வாங்கு.

"கூரையை அறுத்துத் தாழ்த்தும் ஆசை வேண்டாம். நாலு கதவையும் அதன் கண்ணாடிகளையும் அறுக்க வேண்டி வரும். முக்கியமானது பிரேக். ஃபோர்டு 1939-ல்தான் ஹைட்ராலிக் பிரேக் வைத்தார். உன் வண்டியில் இருப்பது கம்பியால் இழுபடும் பிரேக். எஞ்சினை மாற்றுமுன் அதை மாற்று. எல்லா ஸீட்டுக்கும் பெல்ட் போடு. கடைசியாக ஒன்று: உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. கூபே வாங்கினால் அவளை எங்கே உட்கார வைப்பாய்?"

வாங்கிவிட்டான். அவனுடைய கொட்டகையில் வண்டி நிற்கிறது. எஞ்சினைக் கழற்றி மூன்று மாதம் ஆகிறதாம். பிரேக் வேலை நடக்கிறது. சிநேகிதர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவன் மட்டும் இன்னும் சிரிக்கிறான்.

அக்கா இப்போது அங்கேதான் இருக்கிறாள். பகலில் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கொட்டகைக்குப் போய், பின் கதவைத் தானே திறந்து, அந்த அகலமான ஸீட்டில் சாய்ந்துகொண்டு கொத்தவரங்காய் ஆய்கிறாளாம்.