பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைகள்

1948 ஜூனில் கரீபியக் குடியேறிகளுடன் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் லண்டனை அடுத்த டில்பரியை அடைந்தது. அதன்பின் ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து பல்லாயிரவர் பிரிட்டனில் குடியேறினர். பலர் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். பேருந்துகளிலும் மருத்துவமனைகளிலும் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். வங்கிகள் கடன் தர மறுத்த அக்காலத்தில், பிள்ளைகளை வரவழைக்கவும் வீடு வாங்கவும் கைகொடுத்தது ஜமைக்கர்களின் ‘பார்ட்னர்’ சீட்டு. வாரந்தோறும் எல்லோரும் பணம் போட, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். ஆனால் ஆண்டுகள் கழித்து வந்துசேர்ந்த பிள்ளைக்குப் பெற்றவளே அந்நியமாக இருந்தாள். அது ஏங்கியது பாட்டிக்காக. இந்தக் குடியேற்றத்தின் மிகக் கொடிய விலை இதுவே.

பள்ளியிலும் நிம்மதியில்லை. கரீபியப் பிள்ளைகள் கற்றல் குறைபாடுள்ளோருக்கான பள்ளிகளுக்கு அளவுமீறித் தள்ளப்படுவதை 1971-இல் பெர்னார்ட் கோர்ட் அம்பலப்படுத்தினார். பெற்றோர் நடத்திய சனிக்கிழமைப் பள்ளிகள் பாடத்தோடு கரீபிய, ஆப்பிரிக்க வரலாற்றையும் கற்பித்தன.