தெளிவு

பெயர்ச்சொல். 'தெள்' என்னும் அடியிலிருந்து பிறந்தது. தெள்ளுதல், தெளிதல், தெள்ளிய எல்லாம் ஒரே குடும்பம். முதற்பொருள் நீரைச் சார்ந்தது. விருதுநகர் மாவட்டத்துப் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு மலையிலிருந்து இறங்கும் மழை வெள்ளம் செங்கலங்கலாக வரும். அப்படிப்பட்ட நீரைக் குடிக்க எடுத்தால், தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரசிவிட்டு ஊற்றிவைப்பது பழைய வழக்கம். கொட்டையின் சாறு வண்டலைத் திரட்டி அடியில் இறக்கும்; மேல்நீர் கண்ணாடியாக நிற்கும்.

மனத்துக்கும் இதே சொல்தான். மயக்கம் தெளிகிறது, போதை தெளிகிறது, சந்தேகம் தெளிகிறது. எதுவும் புதிதாக வந்து சேரவில்லை, கலங்கல் அடங்குகிறது. நாளெல்லாம் கைப்பேசிச் செய்திகளால் கலக்கப்படும் இன்றைய மனத்துக்கு, ஞானம் என்பதைவிட இச்சொல்லே நெருக்கமானது என்பேன். துறவு கேட்காத சொல் இது.

வள்ளுவர் இதைத் துறவு, உலகியல் ஆகிய இரண்டு இடத்திலும் ஆள்கிறார். மெய்யுணர்தல் அதிகாரத்தின் 353ஆம் குறளில் ஐயம் நீங்கிய ஞானியரைக் குறிக்கிறது. 51ஆம் அதிகாரமான 'தெரிந்து தெளித'லிலோ, வேலைக்கு ஆளை ஆராய்ந்து நம்புவதைக் குறிக்கிறது.