சரணடைவுக் கோடு எல்லையான கதை: கொரியப் பிரிவினையில் 1945 முதல் 1948 வரை

1948 செப்டம்பரில் வட கொரியா ஏற்றுக்கொண்ட அரசமைப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, நாட்டின் தலைநகரம் சியோல் என்று கூறியது. பியோங்யாங்கில் அமர்ந்து ஆண்டவர்கள் அவ்வூரைத் தற்காலிக இருப்பிடமாகவே கருதினர். 1972இல்தான் பியோங்யாங் சட்டப்படி தலைநகரமானது. தென் கொரியாவோ கொரியத் தீபகற்பம் முழுவதையும் அதைச் சார்ந்த தீவுகளையும் தன் ஆட்சிப்பரப்பாகச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. பாதி நாட்டின் அரசு என்று தன்னைச் சொல்லிக்கொள்ள இருவருமே விரும்பவில்லை. இப்படி முழு நாட்டுக்கும் உரிமை கோரிய இரண்டு அரசுகள் ஒரே மண்ணில் தோன்றியது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பலரும் 1950ஆம் ஆண்டுப் போரிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குகிறார்கள். போர் தொடங்கும் முன்பே பிரிவினை முடிந்துவிட்டது என்பதே என் கருத்து.

முதலில் பழமையைப் பற்றிச் சில சொற்கள். சில்லா அரசு சீனத்துத் தாங் பேரரசின் துணையோடு 660இல் பெக்ஜேயையும் 668இல் கோகுர்யோவையும் வீழ்த்தியது. 676இல் தாங் படைகளையும் வெளியேற்றியது. இதை முதல் ஒருங்கிணைப்பு என்று தெற்கின் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. ஆனால் சில்லாவின் ஆட்சி தேதோங் ஆற்றின் அருகே நின்றுவிட்டது. வடக்கே பால்ஹே என்ற வேறோர் அரசு எழுந்தது. ஆகவே 936இல் கோர்யோ செய்ததே உண்மையான ஒருங்கிணைப்பு என்பது வடக்கின் வாதம். பழைய அரசுகளைக்கூட இரு தரப்பும் பங்கு பிரித்துக்கொண்டுள்ளன. 1392இல் தொடங்கிய ஜோசன் மரபின் காலத்தில், செஜோங் மன்னர் ஆண்ட 15ஆம் நூற்றாண்டில், வட எல்லை அம்னோக், துமான் ஆறுகளில் நிலைபெற்றது. அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அந்த எல்லைக்குள் ஒரே மன்னர், ஒரே நிர்வாகம், ஒரே மொழி.

ஆனாலும் 'ஒரே இனம்' என்ற இன்றைய உணர்வை அந்த ஐந்நூறு ஆண்டுகள் மீது அப்படியே ஏற்றுவது சரியன்று. அடிமைமுறை 1894இன் சீர்திருத்தங்கள்வரை சட்டத்தில் இருந்தது. யாங்பான் மேட்டுக்குடியினர் தம் அடிமையைத் தம்மோடு ஓரினமாக எண்ணியிருப்பர் என்று நம்பக் கடினம். மன்னரை மையமாகக் கொண்ட வரலாற்றை விலக்கி, இனத்தையே வரலாற்றின் நாயகனாக்கியவர் வரலாற்றாசிரியர் ஷின் சே-ஹோ. அவருடைய கட்டுரைத் தொடர் 1908இல் வந்தது. 1905இல் ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பு நாடாக்கியதற்குப் பின், 1910இல் முழுமையாக இணைத்துக்கொள்வதற்கு முன். நாடு கைநழுவிய வேளையில் இனம் என்ற கருத்து வலுப்பெற்றது. 1919 மார்ச் 1 அன்று தொடங்கிய விடுதலை எழுச்சியில் அது ஊர்தோறும் பரவியது.

தீபகற்பத்தைக் கூறு போடும் யோசனையும் புதிதன்று. 1593இல் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதெயோஷி தெற்கு மாகாணங்கள் நான்கைத் தமக்குக் கேட்டார். 1903இல் ரஷ்யா, 39ஆம் அட்சக்கோட்டுக்கு வடக்கே நடுநிலைப் பகுதி அமைக்கலாம் என ஜப்பானிடம் முன்மொழிந்தது. இரண்டுமே நடக்கவில்லை. நடந்தது 1945இல்.

1945 ஆகஸ்ட் 10 நள்ளிரவை ஒட்டி, வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்ல்ஸ் போன்ஸ்டீல் என்ற இரு ராணுவ அதிகாரிகளிடம், ஜப்பானியப் படைகளின் சரணடைவை யார் எங்கே ஏற்பது என்று வரையறுக்கும் பணி தரப்பட்டது. நேரம் அரைமணி. கையில் இருந்தது நேஷனல் ஜியோகிராஃபிக் வரைபடம். தலைநகரம் சியோல் அமெரிக்கப் பகுதியில் விழவேண்டும் என்பதால் 38ஆம் அட்சக்கோட்டைத் தேர்ந்தனர். சோவியத் படைகள் ஏற்கெனவே கொரியாவின் வடகிழக்கில் இறங்கியிருந்தன. அமெரிக்கப் படைகளோ செப்டம்பர் 8 அன்றுதான் இஞ்சோன் துறையில் இறங்கின. முழுத் தீபகற்பத்தையும் பிடித்திருக்கக்கூடிய நிலையிலும் ஸ்டாலின் அந்தக் கோட்டை மறுப்பின்றி ஏற்றார். கொரியர்கள் எவரிடமும் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவோடு கதையை முடித்துவிட்டால் பழி முழுவதும் இரு வல்லரசுகளின் தலையில் விழும். வசதியான முடிவுதான், ஆனால் அரைகுறையானது. படைகளின் வசதிக்காகப் போட்ட கோட்டை அரசுகளின் எல்லையாக்க உள்ளூர்க் கைகளும் தேவைப்பட்டன.

ஜப்பான் பணிந்த நாளிலேயே லியூ உன்-ஹியோங் தலைமையில் விடுதலை ஆயத்தக் குழு உருவாயிற்று. சில வாரங்களுக்குள் நாடெங்கும் மக்கள் குழுக்கள் உள்ளூர் நிர்வாகத்தைக் கையில் எடுத்தன. செப்டம்பர் 6 அன்று கொரிய மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. தெற்கில் அமெரிக்கத் தளபதி ஜான் ஹாட்ஜ் அதை அங்கீகரிக்க மறுத்தார். ஜப்பானியரிடம் பணிபுரிந்த கொரியக் காவலர்களையே மீண்டும் பணியில் அமர்த்தினார். வடக்கில் சோவியத் அதிகாரிகள் மக்கள் குழுக்களை அனுமதித்தனர், ஆனால் படிப்படியாகக் கம்யூனிஸ்டுகளின் பிடியில் கொண்டுவந்தனர். ஒரே அமைப்பு தெற்கில் கலைக்கப்பட்டது, வடக்கில் விழுங்கப்பட்டது.

உள்நாட்டு அரசியலை உண்மையில் பிளந்தது 1945 டிசம்பரின் மாஸ்கோ மாநாடு. ஐந்தாண்டுகள்வரை நான்கு வல்லரசுகளின் அறங்காவல், அதற்குள் இடைக்கால அரசு என்பது அங்கே முடிவானது. அறங்காவல் யோசனை ரூஸ்வெல்ட்டின் காலத்திலிருந்தே அமெரிக்காவுடையது. ஆனால் டிசம்பர் 27 அன்று சியோலின் தொங்-ஆ இல்போ நாளேடு, சோவியத் யூனியன் அறங்காவலை வற்புறுத்துவதாகவும் அமெரிக்கா உடனடி விடுதலை கேட்பதாகவும் தலைகீழாகச் செய்தி வெளியிட்டது. தெருக்கள் கொதித்தன. முதலில் எதிர்த்த கம்யூனிஸ்டுகள் சில நாட்களில் மாஸ்கோ முடிவை ஆதரிக்கத் திரும்பியதும் துரோகிகள் என்ற முத்திரை அவர்கள் மீது விழுந்தது. அதுவரை ஜப்பானியரோடு ஒத்துழைத்த களங்கத்தோடு ஒதுங்கியிருந்த வலதுசாரிகள் பலர் ஒரே வாரத்தில் தேசபக்தர்களாக மாறிவிட்டார்கள். வடக்கில் அறங்காவலை ஏற்க மறுத்த கிறித்தவத் தேசியத் தலைவர் சோ மன்-சிக் காவலில் வைக்கப்பட்டார். நடுவில் நிற்க இரு பக்கமும் இடமில்லாமற் போயிற்று. லியூ 1947 ஜூலையில் சியோலில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1946 மார்ச்சில் வடக்கு நிலச்சீர்திருத்தத்தை நடத்தியது: நிலவுடைமையாளரின் நிலம் இழப்பீடின்றி எடுக்கப்பட்டு உழவர்க்கு இலவசமாகத் தரப்பட்டது. குத்தகை விவசாயிகள் பெருவாரியாக இருந்த நாட்டில் இது வடக்கின் கம்யூனிஸ்டுத் தலைவர் கிம் இல் சுங்குக்குப் பெரும் ஆதரவைத் தேடித் தந்தது. மறுபுறம், நிலமிழந்தவர்களும் கிறித்தவர்களும் தெற்கே ஓடினர். அவர்களில் இளைஞர்கள் அமைத்த வடமேற்கு இளைஞர் சங்கம், தெற்கின் இடதுசாரிகளை அடக்கும் கரமாயிற்று. ஜெஜு தீவில் 1948 ஏப்ரல் 3 அன்று எழுந்த கிளர்ச்சியை அடக்குவதில் இச்சங்கத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. அத்தீவில் 25,000 முதல் 30,000 பேர்வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. வடக்கின் சீர்திருத்தமும் தெற்கின் வன்முறையும் தனித்தனிக் கதைகள் அல்ல. முன்னதில் துரத்தப்பட்டவர்களே பின்னதில் துப்பாக்கி ஏந்தினார்கள். வெளியார் வரைந்த கோட்டுக்குக் காவல் காக்கச் சொந்தக் காரணம் உள்ளவர்கள் இவ்வாறே உருவானார்கள்.

மாஸ்கோ முடிவை நிறைவேற்ற அமைந்த அமெரிக்க-சோவியத் கூட்டுக்குழுப் பேச்சு முறிந்ததும் சிக்கல் ஐ.நா.வுக்குப் போனது. இங்கே இந்தியாவின் பங்கு உண்டு. 1948 ஜனவரியில் சியோல் சென்ற ஐ.நா. தற்காலிக ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் கே.பி.எஸ். மேனன். வடக்கில் நுழைய ஆணையத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. தெற்கில் மட்டும் தேர்தல் நடத்தினால் பிரிவினை நிலைத்துவிடும் என்ற அச்சம் உறுப்பினர்களிடையே இருந்தது. ஆயினும் பிப்ரவரியில் ஐ.நா. இடைக்காலக் குழு, இயன்ற பகுதிகளில் தேர்தல் நடத்த முடிவெடுத்தது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் எதிர்த்தன. தனித்தேர்தலை ஏற்காத முதுபெரும் தேசியவாதி கிம் கு, ஏப்ரலில் 38ஆம் கோட்டைக் கடந்து பியோங்யாங் மாநாட்டுக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த ஆண்டு ஜூனில் அவரும் கொல்லப்பட்டார்.

மே 10 அன்று தெற்கில் தேர்தல் நடந்தது. 200 இடங்களில் ஜெஜுவின் இரண்டு செல்லாமற் போயின. வடக்குக்கென 100 இடங்கள் காலியாக விடப்பட்டன. நான்கே நாளில், மே 14 அன்று, வடக்கு தெற்குக்கான மின்சாரத்தை நிறுத்தியது. ஜப்பானியர் பெரிய நீர்மின் நிலையங்களையும் கனரகத் தொழில்களையும் வடக்கிலேயே அமைத்திருந்ததால் தெற்கு இருளில் தவித்தது. ஆகஸ்ட் 15 அன்று தெற்கில் அதிபர் சிங்மன் ரீயின் குடியரசும் செப்டம்பர் 9 அன்று வடக்கில் கிம் இல் சுங்கின் குடியரசும் பிறந்தன. அரசியல், நிலவுடைமை, காவல், மின்சாரம் என எல்லாம் பிரிந்தாயிற்று. எஞ்சியது, முழு நாடும் எனதே என்ற இரு உரிமைக் கோரிக்கைகள். 1950 ஜூன் 25 அன்று வடக்கு தொடுத்த போர் அவற்றில் ஒன்றைப் படைபலத்தால் நிறைவேற்றப் பார்த்த முயற்சி.

மூன்றாண்டுப் போர் லட்சக்கணக்கான உயிர்களைத் தின்றுவிட்டு, கோட்டைச் சற்றே நகர்த்தியது. கோட்டுக்குத் தெற்கே இருந்த கேசோங் வடக்குக்கும், வடக்கே இருந்த சோக்சோ தெற்குக்கும் போயின. 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. சிங்மன் ரீயின் அரசு அதிலும் ஒப்பமிடவில்லை. ஊர் திரும்ப மறுத்த கைதிகளைக் கவனித்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைமை வகித்தார். வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்ற 76 கொரியக் கைதிகள் 1954 பிப்ரவரியில் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

பின்வந்த உடன்பாடுகள் பல. 1972இன் கூட்டறிக்கை, 1991இல் இரு அரசுகளும் ஒருசேர ஐ.நா.வில் சேர்ந்தது, 2000இல் தென் கொரிய அதிபர் கிம் தே-ஜுங்கின் பியோங்யாங் பயணம், 2016இல் மூடப்பட்ட கேசோங் தொழிற்பேட்டை எனப் பட்டியல் நீளும். இவற்றுள் எதுவும் 1948இன் உரிமைக் கோரிக்கையைக் கைவிடவில்லை. பிரிவு தற்காலிகமானது என்ற பேச்சு தொடர்ந்தது. 2023 டிசம்பரில் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன் அந்தப் பேச்சை முறித்தார். இனி தெற்கு ஒரே இனத்தவரின் நாடு அன்று, பகை நாடு என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு தெற்கோடு இணைக்கும் சாலைகளும் தண்டவாளங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. எழுபத்தைந்து ஆண்டுகளில் ஓர் அரசு தானாகவே 'ஒரே இனம்' என்ற கோரிக்கையை விட்டது இதுவே முதல் முறை. கோடு வரைந்த நாளைவிடவும் இந்த அறிவிப்பு பெரிய திருப்பம் என்று கருதுகிறேன். ஏனென்றால் அன்று அந்நியர் பிரித்தார்கள், இன்று கொரியர் ஒருவர் பிரிவை ஏற்கிறார்.

பிரிந்த குடும்பங்களைச் சந்திக்க வைத்த நிகழ்ச்சி கடைசியாக நடந்தது 2018 ஆகஸ்டில். அதற்காகத் தெற்கில் பெயர் பதிந்திருந்த 1,30,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டனர்.